எண்ணைத் தேய்த்துவிட்டுப் பெயர் சூட்டாதீர்கள்

நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவில் படிக்கலாம். ஆனால் விழாக் குழுவில் இருக்கும் என் முன்னாள் மாணவர்கள் மட்டும் இப்போதே படித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கிரைண்டர் வருகிறது என்று கேள்விப்பட்டேன்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சுருக்கமாக: போன மாதம் எங்கள் ஊர் விசைப்படகு ஒன்றின் வலையில், மூன்று பிளேடு உள்ள பழைய விமான புரொப்பெல்லர் ஒன்று சிக்கி வந்தது. உலோகம். கொட்டலசு மூடி, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட பிளேடுகள். ஏலக்கூடத்துக்குப் பின்னால் போட்டு வைத்தார்கள். மூன்றே நாளில் அதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது. "1942இல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜப்பானியப் போர் விமானம்." ஒரு யூடியூப் தம்பி அதன்மேல் கால் வைத்து நின்று பேசிய காணொளி லட்சம் பேரைத் தாண்டிவிட்டதாம். இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் பீடம் கட்டியாகிவிட்டது. கருங்கல் பலகையில் எழுத்தும் வெட்டியாகிவிட்டது. பாக்கி இருப்பது, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிச் சுரண்டி, அலுமினியப் பெயிண்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை திறப்பது ஒன்றுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். பலகையில் வெட்டிய பெயருக்கு ஒரு குண்டுமணி ஆதாரமும் இல்லை. ஆதாரம் என்று ஏதாவது இருந்தால் அது அந்த இரும்பிலேயே குத்தி எழுதியிருக்கிறது. அதைத்தான் வெள்ளிக்கிழமை தேய்க்கப் போகிறீர்கள்.

குழுவில் ஒருவரிடம் கேட்டேன், "ஜப்பான் என்று எப்படித் தெரியும்?" என்று. "சார், 1942ல ஜப்பான்காரன் குண்டு போட்டான்ல?" என்றார். போட்டான். 1942 ஏப்ரல் 5 கொழும்பில், 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையில். அந்த வாரம் சென்னையே காலியானது. அரசு அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாற்றினார்கள், கடற்கரை ஊர்களில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். அந்தப் பயம் பாட்டிமார் வாய்வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. 1914இல் ஒரு ராத்திரி வந்து குண்டு போட்டுப் போன எம்டன் கப்பலின் பெயர் இன்னும் நம் பேச்சில் இருக்கிறதே, அதே மாதிரி. நமக்குக் கடலில் இருந்து எந்த இரும்பு வந்தாலும் அது எதிரியுடையது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜப்பானிய விமானங்கள் இந்தப் பக்கம் பெருங்கூட்டமாக வந்தது அந்தச் சில நாட்கள். நேச நாட்டு விமானங்கள் நம் தலைக்கு மேல் பறந்தது வருடக்கணக்கில். சென்னைக்காரர்கள் குடிக்கும் செங்குன்றம் ஏரி அப்போது கடல் விமானத் தளம். பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் படைப்பிரிவு அங்கிருந்துதான் கேட்டலினா விமானங்களை வங்காள விரிகுடாவுக்கு மேல் ரோந்து அனுப்பியது. தஞ்சாவூர் ஓடுதளத்தில் 1943 தொடக்கத்தில் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் காங்கேசன்துறையில் இருந்து பெரிய பெரிய லிபரேட்டர்கள் கிளம்பின. சூலூரிலும் தாம்பரத்திலும் பிரிட்டிஷ் கடற்படைக்கே தனி விமான நிலையங்கள் இருந்தன. உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, சோழவரம் என்று ஓடுதளங்களை எண்ணிக்கொண்டே போகலாம். இத்தனை விமானம் பறந்த இடத்தில் புயலில் விழுந்ததும், என்ஜின் நின்று விழுந்ததும், வழி தவறி எரிபொருள் தீர்ந்து விழுந்ததும் இருந்தே தீரும். "சுட்டு வீழ்த்தப்பட்டது" என்று பலகையில் வெட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை யாராவது போட்டீர்களா?

அது ஜப்பானியது இல்லை என்று நான் சொல்லவில்லை. தெரியாது என்கிறேன். தெரியாததைக் கருங்கல்லில் வெட்டாதே என்கிறேன்.

அடுத்து ஒரு தம்பி போனில் ஏதோ செயலியில் படத்தைக் காட்டினாராம். அது "ஜீரோ" என்று ஜப்பானியப் போர் விமானத்தின் பெயரைச் சொன்னதாம். அந்தச் செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை, உருவத்தைப் பார்த்துச் சொல்கிறது. உருவத்தை நம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அமெரிக்காவில் ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் என்று ஒரு கம்பெனி. அந்தக் காலத்தின் பெரிய புரொப்பெல்லர் கம்பெனி அதுதான். அதனிடம் உரிமம் வாங்கி இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் செய்தது. அதே ஹாமில்டனிடம் போருக்கு முன்பே உரிமம் வாங்கி ஜப்பானில் செய்தது சுமிட்டோமோ. ஜீரோ விமானத்தின் மூக்கில் சுற்றியது ஹாமில்டன் வகை புரொப்பெல்லர்தான்! ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள். கொட்டலசு மூடிய உருவத்தைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு இது அமெரிக்கன், இது ஜப்பான் என்று சொல்ல முடியுமா?

எழுத்தைப் படிக்க வேண்டும். அதற்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தியவன், கொஞ்சம் பாடம் எடுத்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரொப்பெல்லரின் நடுவில், பிளேடுகள் வந்து சேரும் இடத்துக்குக் குடம் என்று பெயர் சொல்லலாம். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்கிறதே, அதே சொல். மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் அந்தக் குடத்தின் வெளிப்பக்கத்தில் உளியால் குத்தியது போல இருக்கும். உதாரணத்துக்கு, ஹாமில்டனில் 23ஈ50 என்று ஒரு மாதிரி. எங்கள் பள்ளித் தமிழ் ஐயா பார்த்தால் பகுபதம் என்று பிரித்துவிடுவார். முதலில் உள்ள 2, பழைய மாதிரியில் செய்த திருத்தத்தைக் குறிக்கும். அடுத்த 3, மூன்று பிளேடு. ஈ என்பது பிளேடின் அடித்தண்டு எந்த அளவு என்பது. கடைசி 50, என்ஜினில் இருந்து வரும் பல் வெட்டிய தண்டின் அளவு. அதாவது எந்தப் பருமன் என்ஜினில் இது மாட்டும் என்பதை அந்த 50 சொல்லிவிடும். பிளேடுக்குத் தனி எண். 6477ஏ-0 என்று இருந்தால், 6477 வடிவத்தின் எண். கடைசியில் உள்ள எண், அடிப்படை விட்டத்தில் எத்தனை அங்குலம் குறைத்தார்கள் என்பது. 0 என்றால் குறைக்கவில்லை, 18 என்றால் பதினெட்டு அங்குலம் குறைவு. பிளேடு எண் பெரும்பாலும் அடிமுனையில், குடத்துக்கு உள்ளே மறைந்திருக்கும். கழற்றத் தெரிந்தவர் கழற்றினால்தான் தெரியும். சுத்தியல் வைத்திருப்பவரெல்லாம் கழற்றத் தெரிந்தவர் இல்லை.

சரி, படித்துவிட்டோம், பெயர் வைத்துவிடலாமா? அங்கேயும் அவசரப்பட முடியாது.

குடத்தில் "ஃப்ரிஜிடேர்" என்று இருந்தால் என்ன செய்வீர்கள்? "கெல்வினேட்டர்" என்று இருந்தால்? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் ஹாமில்டனால் மட்டும் தேவைக்குச் செய்து கொடுக்க முடியவில்லை. குளிர்பெட்டி செய்த ஃப்ரிஜிடேரும், நாஷ்-கெல்வினேட்டரும், டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்டும் அதே புரொப்பெல்லரைச் செய்து கொடுத்தார்கள். நம் வீட்டில் ஐஸ் வைத்த கம்பெனி, நம் தாலுகா ஆபீசில் மனு தட்டிய மெஷின் கம்பெனி! இந்த விவரம் தெரியாதவர் கையில் அந்தக் குடம் கிடைத்தால், "யாரோ பழைய பிரிட்ஜ் மோட்டார் ஃபேனைக் கடலில் போட்டிருக்கிறார்கள்" என்று காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார். செய்தவர் பெயர் வேறு, வடிவமைத்தவர் பெயர் வேறு, விமானத்தின் பெயர் வேறு. மூன்றையும் குழப்பினால் கதை முடிந்தது.

முதல் உலகப் போர்க் காலத்து மர புரொப்பெல்லர்களில் இதைவிட வேடிக்கை. பிரிட்டிஷ் மர புரொப்பெல்லரின் நடுப்பகுதியில் வரைபட எண், என்ஜினின் குதிரைத்திறன், விட்டம், சாய்வு எல்லாம் குத்தியிருக்கும். சிலவற்றில் "ஆர்.ஏ.எஃப்." என்ற மூன்று எழுத்து இருக்கும். பார்த்தவுடன் ராயல் ஏர் ஃபோர்ஸ் என்போம். அந்த விமானப்படை பிறந்ததே 1918 ஏப்ரல் 1ஆம் தேதிதான். அதற்கு முந்தைய மரத்தில் அந்த எழுத்து எப்படி வந்தது? அது ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி என்ற தொழிற்சாலை செய்த என்ஜினைக் குறிக்கும். படையின் பெயரே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழம்பொருள் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்காகப் புதிதாகச் செதுக்கி மெருகேற்றிய புரொப்பெல்லர்களும் உலகச் சந்தையில் நிறையச் சுற்றுகின்றன. உண்மையான பழசில் நடுவே போல்ட்டுத் துளைகளைச் சுற்றி இரும்புத் தட்டு அழுந்திய தடம் இருக்கும்.

நம் விஷயத்துக்கு வருவோம். எண்ணைச் சரியாகப் படித்து 23ஈ50 என்றே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரிக் குடம் எதில் எல்லாம் மாட்டியிருந்தது தெரியுமா? டக்கோட்டா, பி-17, பி-24 லிபரேட்டர், கேட்டலினா. நான்கும் வேறு வேறு விமானம். சரக்கு ஏற்றியது ஒன்று, குண்டு போட்டது இரண்டு, தண்ணீரில் இறங்கியது ஒன்று. லாரி டயரை வைத்து லாரியின் நம்பர் பிளேட்டைச் சொல்கிற கதைதான்.

போர்க்காலம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்றும் கேட்கிறேன். 1945க்குப் பிறகு அமெரிக்கர்களும் பிரிட்டிஷ்காரர்களும் கான்பூரில் விட்டுப்போன லிபரேட்டர் குவியலை, திரும்பப் பறக்கக் கூடாது என்று நொறுக்கிப் போட்டதை, பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்காரர்கள் பொறுக்கி எடுத்துச் சரிசெய்து பறக்கவிட்டார்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் வராத பெருமை இது. அந்த லிபரேட்டர்கள் நம் இந்திய விமானப்படையில் 1968 வரை பறந்தன, கடல் ரோந்தும் போயின. டக்கோட்டாக்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு சுதந்திர இந்தியாவில் ஊர் ஊராகப் பறந்தன. ஆக இந்தப் புரொப்பெல்லர் இந்திய விமானத்துடையதாகவும் இருக்கலாம். அப்படி இருந்து, அதன்மேல் நீங்கள் "எதிரி விமானம்" என்று பலகை வைத்திருந்தால்? ஞாயிற்றுக்கிழமை கைதட்டப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதை யோசிக்க வேண்டும்.

எண் மட்டும் இல்லை, பிளேடு வளைந்திருக்கும் விதமும் ஒரு சாட்சி. நான் போய்ப் பார்த்தபோது இரண்டு பிளேடு பின்பக்கமாக மடிந்திருந்தது, ஒன்று நேராக இருந்தது. என்ஜின் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரில் மோதினால் பிளேடு நுனிகள் பொதுவாக முன்பக்கம் சுருளும். என்ஜின் இழுக்காமல் இருந்தால் பின்பக்கம் மடியும். சுற்றாமல் நின்ற புரொப்பெல்லர் என்றால், கீழே இருந்த பிளேடு மட்டும் அடிபட்டு, மேலே நின்றது தப்பிக்கும். ஹாமில்டனின் ஹைட்ராமேட்டிக் வகையில் இன்னொரு வசதி உண்டு. ஓடாத என்ஜினின் பிளேடுகளை விமானி காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பி நிறுத்திவிடலாம். அந்தக் கோணத்தில் பிளேடு உறைந்திருந்தால், அந்த என்ஜின் கெட்டு, அதை விமானி தன் கையால் நிறுத்திவிட்டு, மற்றதை வைத்து ஊர் சேரப் பார்த்திருக்கிறார் என்று படிக்கலாம். ஒரு மனிதரின் கடைசிப் பத்து நிமிடம் அந்த வளைவில் இருக்கிறது. வலையில் இழுபட்டும் வளைந்திருக்கலாம், அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும். குழுவோ, "கோணலா இருந்தா நல்லா இருக்காது சார், வெல்டிங் பட்டறையில கொடுத்து நிமித்திடலாம்" என்கிறது. மரணச் சான்றிதழில் உள்ள கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று அழித்து எழுதுவீர்களா?

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். அவசரம் எல்லா ஊரிலும் உண்டு. 1937 ஜூலை 2ஆம் தேதி பசிபிக்கில் காணாமல் போன அமீலியா ஏர்ஹார்ட்டைத் தேடியவர்கள், நிக்குமரோரோ என்ற தீவில் 1991இல் ஒரு அலுமினியத் தகட்டைக் கண்டெடுத்தார்கள். அவர் விமானத்தில் ஒட்டுப்போட்ட தகடு அதுதான் என்று வருடக்கணக்கில் நம்பினார்கள், பத்திரிகைகள் எழுதின. ஆணித் துளைகளின் வரிசையை வைத்து ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கடைசியில் அது ஒரு டக்கோட்டா வகை விமானத்தின் இறக்கைத் தகடு என்று முடிவாயிற்று. 2024 தொடக்கத்தில் இன்னொரு கூட்டம் கடலடியில் விமான உருவத்தைக் கண்டுவிட்டோம் என்று படம் வெளியிட்டது. அந்த வருடம் முடிவதற்குள் அருகில் போய்ப் பார்த்தால் பாறை! ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் அந்தத் தகட்டின் ஆணித் துளைகளை அடைத்துப் பெயிண்ட் அடிக்கவில்லை. அதனால்தான் முப்பது வருடம் கழித்தும் உண்மை வெளியே வர முடிந்தது.

இனி, ஒரு புரொப்பெல்லரால் எது முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண் கிடைத்தாலும் அது தனியாக விமானத்தின் பெயரைச் சொல்வது கடினம். புரொப்பெல்லரைக் கழற்றி மாற்றுவது வாடிக்கை. காணாமல் போன அமெரிக்க விமானங்களுக்கு 1943 முதல் எழுதிய அறிக்கைகளில் என்ஜின் எண்ணும் துப்பாக்கி எண்களும் இருக்கும். பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் அன்றாடப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தத் தேதியில், எந்தத் தளத்தில் இருந்து கிளம்பியது திரும்பவில்லை என்று அதில் தேடலாம். ஆனால் தேடுவதற்கு இடம் தெரிய வேண்டும். வலை சிக்கிய இடம்! எத்தனை பாகம் ஆழம், கரையில் இருந்து எவ்வளவு தூரம். மீதி விமானம் அங்கேதான் கிடக்கிறது, என்ஜினும் அங்கேதான்.

அந்த இடம் யாருக்குத் தெரியும்? படகு ஓட்டிய தம்பிக்கு. அவர் ஜிபிஎஸ்சில் குறித்து வைத்திருக்கிறார், வலை கிழிந்த இடத்தை எந்த மீனவரும் மறக்க மாட்டார். பீடம் கட்டியவர்களில் ஒருவர்கூட அவரிடம் போய்க் கேட்கவில்லை. பலகையில் சட்டமன்ற உறுப்பினர் பெயர் இருக்கிறது, நன்கொடையாளர்கள் பதினொரு பேர் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. கிழிந்த வலைக்குப் பணமும் கொடுக்கவில்லை. அவரிடம் நான் பேசினேன். "சார், காயலான் கடைக்காரரு கிலோ கணக்குல பணம் தரேன்னாரு. ஊர்ப் பெரியவங்க விக்காதேன்னாங்க, விக்கல. வலைக்கு மட்டும் யாரும் பேச மாட்டேங்கறாங்க" என்றார். நியாயம்தானே? அடுத்த முறை இப்படி ஒன்று வலையில் வந்தால் அவர் அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுவார், இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக உருக்கக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சட்டம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். நம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் பழம்பொருள் ஆவதற்கு நூறு வயது ஆக வேண்டும். 1942இல் விழுந்தது என்று நீங்கள் சொல்வதை அப்படியே வைத்துக்கொண்டாலும் 2042 வரை அந்தச் சட்டத்துக்கு இது வெறும் இரும்பு. நானே ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். இது எங்கள் வரம்பில் வராது என்று வேறொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள், அங்கே போனால் திரும்ப இங்கேயே கைகாட்டினார்கள். எந்த அலுவலகம் என்று எழுதி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஆக இதைக் காப்பாற்றினால் ஊர்தான் காப்பாற்ற வேண்டும். அதனால்தான் உங்களோடு இத்தனை சண்டை.

"சுத்தம் பண்ணினாத்தானே சார் எழுத்தே தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கல்வெட்டு படிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? ஈரத் தாளை ஒத்தி, மை தட்டி, மைப்படி எடுக்கிறார்கள். கோவில் சுவரில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்தபோது எத்தனை கல்வெட்டு மழுங்கிப் போனது என்று நம் மாநிலத்துக்குத் தெரியும். இங்கேயும் அதேதான். மூங்கில் குச்சியால் கொட்டலசை மெல்லப் பெயர்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குத்திய எழுத்து நிழல் விழுந்து தெரியும். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கலாம். குத்திய எழுத்தின் ஆழம் மிகவும் கொஞ்சம். உப்பு தின்ற உலோகத்தில் கம்பி பிரஷ் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், எல்லாம் வழுவழு.

உப்பு இன்னொரு பெரிய வில்லன். அலுமினியமும் எஃகும் ஒன்றாக உப்புநீரில் கிடந்திருக்கின்றன. பத்தாம் வகுப்பு மின்வேதியியல் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ஊறிய உப்பை எடுக்காமல் மேலே பெயிண்ட் அடித்தால், பெயிண்டுக்கு அடியில் அரிப்பு தொடரும். சில வருடத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும். 1940இல் இங்கிலாந்துக் கடலில் விழுந்த டார்னியர் 17 என்ற ஜெர்மன் விமானத்தை 2013 ஜூனில் தூக்கினார்கள். தூக்கியவுடன் பாலிஷ் போட்டுக் காட்சிக்கு வைக்கவில்லை. காஸ்ஃபர்டில் பாலித்தீன் கூடாரம் போட்டு, சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை நாள்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லை. சிமென்ட் தொட்டி இருக்கிறது, நல்ல தண்ணீர் இருக்கிறது, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்ற நாலு பையன்கள் இருக்கிறார்கள். இப்போதைக்கு அது போதும்.

"ஊருக்குப் பெருமை வருது, வாத்தியாருக்கு ஏன் வயிறு எரியுது?" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். என் மாணவர்தான். தம்பி, அந்தப் புரொப்பெல்லருக்குப் பின்னால் ஒரு என்ஜினும், அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆட்களும் இருந்தார்கள். டக்கோட்டா என்றால் மூன்று நாலு பேர், லிபரேட்டர் என்றால் எட்டுப் பத்துப் பேர். சிங்கப்பூர் போனவர்கள் கிராஞ்சி நினைவிடத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்லறை எங்கே என்றே தெரியாத இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே சுவரில் இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியப் போரில் விமானத்தோடு காணாமல் போனவர்களும் அதில் உண்டு, இந்தியர்களும் உண்டு. நம் கடலில் கிடப்பது அந்தச் சுவரில் உள்ள யாராவது ஒருவருடையதாக இருக்கலாம். ஜப்பானியருடையதாக இருந்தால், அங்கேயும் ஒரு வீட்டில் ஒரு படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்திருக்கும். யாராக இருந்தாலும், அவர் யார் என்று தெரிவதற்கு மிச்சம் இருக்கும் ஒரே வழியை ஒரு மதியத்தில் கிரைண்டர் போட்டு மூடிவிட்டுக் கேசரி கொடுப்பது எந்த வகைப் பெருமை?

நான் பார்த்தபோது குடத்தில், கொட்டலசு உதிர்ந்த ஒரு இடத்தில், இரண்டு மூன்று எழுத்தும் எண்ணும் தெரிந்தன. என்ன என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக் காலை அதை வைத்து இன்னொரு பெயர் சூட்டிவிடுவீர்கள்.

குழுவிடம் என் கோரிக்கை இவ்வளவுதான். கிரைண்டரை நிறுத்துங்கள். வெல்டிங் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். பீடம் கட்டியது கட்டியதாகவே இருக்கட்டும், பலகையை மட்டும் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் "கடலில் கிடைத்த விமான புரொப்பெல்லர், எந்த விமானத்துடையது என்று ஆராயப்படுகிறது" என்று வெட்டுங்கள். எடுத்து வந்த மீனவரின் பெயரை, அவர் சம்மதித்தால், முதல் வரியில் போடுங்கள். வலைக்கான பணத்தில் பாதியை என் ஓய்வூதியத்தில் இருந்து தருகிறேன், மீதியை நன்கொடையாளர் பதினொரு பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வியாழன் மாலை ஆறரை மணிக்கு மேல், இருட்டியபின், நான் ஏலக்கூடத்தில் இருப்பேன். டார்ச், வெள்ளைத் தாள், பென்சில், அளவு நாடா கொண்டு வருகிறேன். நல்ல கேமரா உள்ள போன் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் வந்தால் உதவியாக இருக்கும். கரைக்குக் கொண்டுவந்த அன்று, யாரும் தொடுவதற்கு முன் படம் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், வாட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய படம் வேண்டாம், போனில் உள்ள மூலப் படத்தை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள்.